மாடத்தி கிணற்றில் லாரித் தண்ணீர்

சுடலைமாடத்திக்கு உடம்பில் ஒரு நோயும் இல்லை, அலுப்புதான். தூத்துக்குடித் துறைமுகத்தில் மேடு கட்ட மண் வேண்டும் என்று ஊருக்கு மேற்கே சரள்மண் குவாரி தோண்ட ஆரம்பித்தார்களே, அன்றைக்குப் பிடித்த அலுப்பு. தோண்டியவர்கள் மண்ணோடு நின்றார்களா? அடியில் ஊற்றுக் கண்டதும் மோட்டார் வைத்து அந்தத் தண்ணீரையும் ஓடையில் இறைத்துத் தள்ளினார்கள். சுற்றியிருந்த கிணறுகளெல்லாம் கீழே இறங்கின. நல்ல தண்ணீர் இறங்கிய இடத்துக்குக் கடல்பக்கத்து உப்புத் தண்ணீர் மெல்ல வந்து சேர்ந்தது.

மாடத்தியின் முருங்கைத் தோட்டத்துக் கிணறும் கரித்தது. அதை அவள் வெளியே மூச்சு விடவில்லை. மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். கிணறு உப்பான வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான்? யார் வந்தாலும் விலைத் தண்ணீரைச் செம்பில் ஊற்றி, "நம்ம கிணத்துத் தண்ணிதான், குடிங்க" என்பாள். குவாரிக்கு எதிராக ஊரார் எழுதிய மனுவில் கையெழுத்துக் கேட்டபோதுகூட, "மட்டம் எறங்கிட்டுன்னு போடு, உப்புன்னு போடாத" என்று சண்டை பிடித்துவிட்டுத்தான் போட்டாள். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

அந்த மனுவின் பேரில், குவாரிக்குப் பக்கத்திலிருந்த மாடத்தி கிணற்றில் நிலத்தடி நீரைச் சோதிக்க இந்துமதி என்ற அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. குவாரியை இன்னும் ஆழமாக்கலாமா கூடாதா என்பது அவள் எழுதுவதில் இருந்தது. மாடத்தி என்ன செய்தாள் தெரியுமா? கோயில் கொடைவிழாவுக்குச் செய்வதுபோலக் கிணற்றை இறைத்துத் தூர்வாரி, ஒரு லாரி நல்ல தண்ணீரை வாங்கி உள்ளே கொட்டினாள். வீடு தேடி வருகிறவர்கள் முன்னால் அழுக்குச் சேலையோடு நிற்கிறவளா அவள்? கிணற்றையும் அப்படி நிறுத்த மனம் வரவில்லை.

இந்துமதி வந்து உப்புப் பார்க்கும் மீட்டரைக் கிணற்றுக்குள் இறக்கினாள். குவாரி மேனேஜர் ஜெயகணேஷும் கூடவே வந்திருந்தான். பக்கத்து ஊர்க்காரன்தான், அவன் காதில் விழுந்தால் நாலு ஊருக்கும் தெரிந்துவிடும்.

"நல்ல தண்ணியால்லா கெடக்கு மேடம்," என்று எட்டிப் பார்த்துச் சிரித்தான். "சும்மா பெட்டிசன் போடுதாங்க."

இந்துமதி மீட்டரைப் பார்த்தாள். "மட்டமும் எறங்கல, உப்பும் இல்லம்மா. குவாரியால பாதிப்பு இல்லன்னுதான் எழுத வேண்டியிருக்கும்."

மாடத்திக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் மிச்சமிருக்கிற தோட்டமும் போய்விடும். முருங்கை மரங்களை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"அது எங்க தண்ணி இல்ல தாயி. நாந்தான் லாரியில வாங்கி ஊத்துனேன்."

"ஏம்மா ஊத்துனீங்க?"

"நீங்க குடிக்கக் கேட்டா உப்புத் தண்ணியவா குடுக்கது?"

"கேட்டீங்களா மேடம், இப்ப கதைய மாத்துதாங்க," என்றான் ஜெயகணேஷ்.

"ஏலே, நீ சும்மா கெட," என்று சொல்லிவிட்டு மாடத்தி போய் மோட்டாரைப் போட்டாள்.

அத்தனை தண்ணீரும் முருங்கைக்குப் பாய்ந்தது. கிணறு வற்றியதும் மோட்டாரை நிறுத்திவிட்டு எல்லாரும் காத்துக்கிடந்தார்கள். இந்துமதியும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். பொழுது சாயும்போது அடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறியிருந்தது. மீட்டர் மறுபடி இறங்கியது.

"இது முருங்கைக்கே ஆகாதும்மா," என்றாள் இந்துமதி. "இதுக்கு மேல தோண்டக் கூடாது, குழித் தண்ணிய வெளியே இறைக்கக் கூடாதுன்னு எழுதுறேன். அங்க தண்ணி நின்னாத்தான் இங்க ஊறும்."

"பழையபடி ஆயிருமா?"

"வருசக்கணக்காகும். ஆகாமலும் போகலாம்."

மாடத்தி கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்தாள்.

"உப்புன்னு எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"எம் பேரையும் போட்டு எழுதுங்க தாயி. சுடலைமாடத்தி கிணறு உப்பாப் போச்சுன்னு."

சொல்லிவிட்டு, ஜெயகணேஷ் பார்க்கிறானே என்றுகூட நினைக்காமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.