செல்லி தட்டிவிட்ட மாத்திரை

காரிமங்கலத்துப் பக்கம் தக்காளி போடுகிறவர்கள் காய்ச்சலுக்காகவெல்லாம் படுக்க மாட்டார்கள். மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். சின்னராஜும் அப்படித்தான். மாத்திரைக்கு அடங்கிய காய்ச்சல், சில நாள் கழித்து மறுபடியும் வந்தது. சாயங்காலமானால் குளிரில் ஆட்டியது, வேர்வையில் நனைத்தது. ஆள் பாதியாக இளைத்துப் போனான்.

வத்தல்மலையில் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போய் ஒரு மாதம் தங்கித் திரும்பிய அவன் மனைவி செல்லி, முதலில் அவன் கையைத்தான் பார்த்தாள். தக்காளி பறித்தால் விரலில் கறுப்புக் கறை ஏறும். காயை நசுக்கித் தேய்த்தால் போய்விடும். தேய்த்தாள். கறை போனது. நகத்துக்கு அடியில் இருந்த செங்கீற்று மட்டும் போகவில்லை.

“முள்ளு ஏறிச்சா?”

“இல்ல புள்ள. நீ ஊருக்குப் போனதும் பல்லு புடுங்கினேன். அதுலேர்ந்தே ஒடம்பு சரியில்ல.”

செல்லிக்கு விளங்கிவிட்டது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் அவனுடைய இதய வால்வு கெட்டிருந்தது. பல்லில் கை வைக்குமுன் கேட்க வேண்டும், காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால் மாத்திரை போடாமல் ஓடிவர வேண்டும், கிருமி வால்வில் உட்கார்ந்தால் நகத்தடியில் செங்கீற்றுகூடத் தெரியும், விட்டால் வால்வையே அரித்துவிடும் என்று தருமபுரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவன் காதில் நிற்காதது அவள் காதில் நின்றது.

மாமியார் குள்ளம்மாள் அடுத்த செட்டைப் பிரித்து நீட்டினாள். செல்லி தட்டிவிட்டாள்.

“ஏண்டி, நீ என்ன டாக்டரா?”

“டாக்டர் சொன்னத கேட்டவ நான், அத்தை. ரத்தம் எடுக்கற வரைக்கும் ஒரு மாத்திரையும் போடக் கூடாது.”

“தக்காளி பழுத்து நிக்குது, இவ ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறா!”

“தக்காளி அழுகினா அடுத்த போகம் வரும். இவரு வால்வு அழுகினா எந்தச் சந்தையில வாங்குவீங்க?”

அன்றைக்கே பஸ் ஏற்றினாள். டாக்டரம்மா மருந்து தொடுமுன் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் கிருமி வளர்ந்தது. இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனில், வால்வில் கேழ்வரகு அளவுக்கு ஏதோ ஒட்டியிருந்தது. வாரக்கணக்கில் நரம்பு வழியாக ஊசி மருந்து ஏறியது.

“இன்னொரு செட் போட்டிருந்தா ரத்தத்துல கிருமி சுலபமா அகப்பட்டிருக்காது. சீக்கிரம் வந்ததால ஆபரேஷனுக்குப் போகாம வால்வு தப்பிச்சுது” என்றார் டாக்டரம்மா.

தக்காளி பாதிக்கு மேல் அழுகித்தான் போனது. ஊர் திரும்பும் பஸ்ஸில் குள்ளம்மாள் பக்கத்து சீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டாள்.

“எம் மருமவளாட்டம் புடிவாதக்காரி இந்த ஜில்லாவுலயே இல்லீங்க. எம் பையன் நெஞ்ச அறுக்காம வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னா, அவளாலதான்.”

“மெதுவா பேசும்மா, பஸ்ஸே கேக்குது” என்றான் சின்னராஜ்.

“கேக்கட்டும்டா!”