ஈரல் இளைக்கச் சமைத்த கோழி

என் கணவரின் ஈரலில் பாதியை வெட்டி அவருடைய அண்ணனுக்கு வைக்கப் போகிறார்கள் என்று என்னிடம் சொன்னபோது, நான் திராட்சைப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சொன்னார்கள், அவ்வளவுதான். நீ என்னம்மா நினைக்கிறாய் என்று ஒரு வாயிலிருந்தும் வரவில்லை.

ஓடைப்பட்டியில் எங்கள் வீடும் அண்ணன் வீடும் பக்கத்துப் பக்கத்தில்தான். நடுச்சுவரில் ஒரு வாசல் வைத்திருக்கிறோம். திராட்சைத் தோட்டம் இரண்டு வீட்டுக்கும் பொது. கணவரின் அண்ணனை நான் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். அவர் மனைவி, என் ஓரகத்தி, எனக்கு அக்கா. பெரிய மச்சான் ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. குடிகாரராக இருந்திருந்தால் வாய் நிறையத் திட்டியாவது என் ஆத்திரம் தீர்ந்திருக்கும். எப்போதோ உடம்புக்குள் புகுந்த ஒரு வைரஸ், சத்தமில்லாமல் ஈரலைத் தின்றுவிட்டது. கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு முழுக்க நீர். மாற்று ஈரல் வைத்தால்தான் ஆள் தங்குவார் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அக்கா தானே தருகிறேன் என்றார். ரத்த வகை சேரவில்லை. அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறவர்கள். மிச்சம் இருந்தது தம்பிதான்.

தம்பியின் ரத்தம் சேர்ந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்தால் ஈரல் முழுக்கக் கொழுப்பு. "இந்த ஈரலை எடுத்து வைக்க முடியாது. கொழுப்பு இறங்கணும். ரெண்டு மாசத்துக்குள்ள இறங்கலைன்னா அண்ணன் உடம்பு தாங்காது" என்றார் டாக்டர். மாத்திரை கிடையாதாம். சாப்பாடும் நடையும்தான் மருந்தாம்.

அங்கே இருந்த டயட்டீஷியன் பெண் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். ஒரு கிண்ணத்தில் சுட்ட கோழி, வெள்ளரிக்காய், தக்காளி, கொண்டைக்கடலை, மேலே வெள்ளையாகக் கெட்டித் தயிர். கிரேக்க நாட்டுச் சாப்பாடு, ராத்திரிக்கு இதுதான், ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கிண்ணத்தைச் சாப்பிட்டுக் கொழுப்பு இறங்கினால் என் வீட்டுக்காரர் கத்திக்குப் போவார். இறங்காவிட்டால் வீட்டில் இருப்பார், அவர் அண்ணன் செத்துப்போவார். சமைக்க வேண்டியவள் யார்? நான்!

சமைத்தேன். தோலை உரித்து நெஞ்சுக்கறி மட்டும் வாங்கி வந்து, எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகு, உப்பு போட்டுப் பிசறி வைப்பேன். ஆரிகனோ என்று ஒரு தழை போடச் சொல்லியிருந்தாள். ஓடைப்பட்டியில் அதற்கு எங்கே போக? தொட்டியில் இருந்த கற்பூரவல்லியைக் கிள்ளிப் போட்டேன். வாசனை சரியாகவே வந்தது. ஆலிவ் எண்ணெய் கேட்டு மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்தால், அது கைக்குழந்தைக்குத் தேய்த்துவிடுகிற எண்ணெயாம். போனில் அந்தப் பெண் சிரித்தாள். பிறகு தேனிக்குப் போய்ச் சமையல் எண்ணெயாகப் பார்த்து வாங்கி வந்தேன். காலையிலேயே தயிரை மெல்லிய துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் வெள்ளரிக்காயைத் துருவிப் பிழிந்து பூண்டோடு கலக்கி வைப்பேன். அரிசிச் சோற்றுக்குப் பதில் இரண்டு கரண்டி சாமைச் சோறு. செவ்வாய், வெள்ளியில் எங்கள் வீட்டில் கறி எடுக்க மாட்டோம். அதற்கும் அக்காவே தடை நீக்கிவிட்டார்.

"உசுரு பெருசா, நாளு கெழமை பெருசா? நீ ஆக்கு ஆத்தா" என்றார்.

ஏழு மணிக்கு முன்னாலேயே நடுவாசல் வழியாக அக்கா வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். இரும்புக் கல்லில் கோழி வேகும்போது எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார். எத்தனை கரண்டி எண்ணெய் என்று வாயால் கேட்க மாட்டார், கண்ணால் கேட்பார். சில நாள் பெரிய மச்சானும் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து உட்காருவார். அவருக்கு உப்பில்லாக் கஞ்சி. அவர் கஞ்சியைக் குடித்துக்கொண்டே தம்பி மெல்வதைப் பார்ப்பார். என் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்த நேரத்தில் கூடத்துக்கே வருவதில்லை. நேர்ந்துவிட்ட கிடாய்க்குத் தழை ஒடித்துப் போடுகிறவள் மாதிரி நான் நடுவில் நிற்பேன்.

கெட்ட எண்ணம் வராமல் இல்லை. ஒரு நாள் அக்கா வரத் தாமதமானது. நெய் டப்பாவைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டுவிட்டேன். தினமும் ஒரு கரண்டி ஊற்றினால் யாருக்குத் தெரியப் போகிறது? என் புருசன் எனக்கு மிஞ்சுவார். கரண்டியை வெளியே எடுத்து வழித்து டப்பாவிலேயே விட்டு மூடினேன். அதை மேல்தட்டில், எனக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லி என் மூத்தவளிடம் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். கொழுப்பு கொஞ்சம்கூட இறங்கவில்லை.

"வீட்டுல என்னதான் சாப்பிடுறார்?" என்று டாக்டர் கேட்டார். அக்கா, பெரிய மச்சான், என் கணவர், மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி ஊர் வந்து சேர்ந்தோம். வீட்டுக்குள் கால் வைத்ததும் அக்கா வெடித்தார்.

"நெஞ்சத் தொட்டுச் சொல்லு ஆத்தா. அந்தச் சட்டியில என்னத்த ஊத்துன?"

"ஒரு ஸ்பூனு எண்ணெய்க்கா. நீங்கதான் தெனமும் நின்னு பாத்தீகள்ல."

"பாக்காதப்ப என்ன செஞ்சியோ! ஒனக்கு ஒன் தாலி பெருசு. எனக்கு என் தாலி பெருசில்லையா?"

"ஊத்தணும்னு நெனச்சேன்க்கா. ஊத்தல. அதுக்கு மேல ஒரு வார்த்த கேட்டீகன்னா, இந்தச் சட்டிய ஒங்க வீட்டுக்கே குடுத்துர்றேன். நீங்களே ஆக்கிப் போடுங்க!"

பெரிய மச்சான், "விடு, விடு" என்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். அவருக்கு இழுக்கவும் தெம்பில்லை. என் கணவர் வாயே திறக்கவில்லை. பொண்டாட்டியை இப்படிப் பேசுகிறார்களே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாளும் சமைத்தேன். அவரும் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு, "மோட்டார் போட்டுட்டு வந்துர்றேன்" என்று வழக்கம்போல வண்டியை எடுத்தார். கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று உறைத்தது. எங்கள் பக்கம் மோட்டாருக்கு வேண்டிய மும்முனை கரண்ட் ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் ராத்திரியில் வரும். அந்த வாரம் பகல் முறை. காலையில் கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சியதே நான்தான். சாயங்காலம் அந்த மோட்டார் உறுமக்கூட உறுமாது. இவர் எதைப் போடப் போகிறார்?

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வண்டி தோட்டத்துப் பாதையில் திரும்பவில்லை. சின்னமனூர் ரோட்டில் ஒரு பரோட்டாக் கடை முன்னால் நின்றது. உள்ளே கடைசி மேசையில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். இலை நிறையப் பரோட்டா, அது மூழ்க எண்ணெய் மிதக்கும் சால்னா, பக்கத்தில் பொரித்த கோழித் தோல். ருசித்துச் சாப்பிடுகிறவர் முகம் அப்படி இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு மருந்து விழுங்குவது மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தார்.

நான் எதிரே போய் உட்கார்ந்தேன். கை அப்படியே இலையில் நின்றது.

"பசியா?"

"இல்ல."

"பெறகு?"

கையில் இருந்த துண்டை இலையில் போட்டார். பிறகு, "பயமா இருக்கு பிள்ள" என்றார். "அறுக்கும்போது போயிட்டேன்னா? நம்ம பிள்ளைக என்ன செய்யும்?"

"இத வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"யாருகிட்ட? எனக்குப் பீஸ் கட்டணும்னு அண்ணன் படிப்ப விட்டுட்டுக் கூலிக்குப் போனாரு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாட்டேன்னு சொல்ல? ஸ்கேன் சொல்லட்டும்னு இருந்தேன்."

"ஸ்கேனா சொல்லுச்சு? ஒங்க மதினி என்னையவில்ல கொலகாரியாக்கிட்டாக! நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீக?"

அவர் அழ ஆரம்பித்தார். பரோட்டா வீசுகிறவர் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சால்னாவை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். ஆனால் கோபத்துக்கு அடியில், சொல்லிவிடுகிறேன், சந்தோசமாக இருந்தது. இவருக்கும் போக விருப்பமில்லை! அந்தச் சந்தோசம் முழுசாக வருவதற்குள் பெரிய மச்சானின் மஞ்சள் கண் ஞாபகம் வந்துவிட்டது.

"இங்கன பாருங்க" என்றேன். "மாட்டீகன்னா இப்பவே சொல்லுங்க. நான் போய் அவுகட்டச் சொல்றேன், பழிய நானே வாங்கிக்கிறேன். அவுக வேற வழி பாக்கட்டும். குடுக்குறதுன்னா ஒழுங்காத் தின்னுங்க. ரெண்டுங்கெட்டானா இருந்தீகன்னா, அந்த மனுசன் ஒங்கள நம்பிக்கிட்டே செத்துப்போவாரு."

அவர் இலையை மடித்து எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவினார்.

மறுநாள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். வண்டிச் சாவியைத் தொடவில்லை. தெருவில் இருட்டும் வரை நடந்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. அவர் முடிவு செய்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். வாயால் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தின்று காட்டுகிறார் என்று நினைத்தேன். பரோட்டாக் கடை விசயத்தை நான் அக்காவிடம் மூச்சுக்கூட விடவில்லை. அக்கா இப்போதெல்லாம் வந்து உட்காருவதும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்கும். நான் கோழியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, இறங்கட்டும், இறங்கட்டும் என்று ஒரு மனசாகவும், ஐயோ இறங்கிவிடுமே என்று ஒரு மனசாகவும் நின்றேன். அவருடைய சட்டைகள் தொளதொள என்று ஆனபோது, பார்க்கிறவர்கள் எல்லாம் நல்லா இருக்கிறாரே என்றார்கள்.

கெடு முடிகிற சமயத்தில் எடுத்த ஸ்கேனில் கொழுப்பு இறங்கியிருந்தது.

"நல்லா சமைச்சிருக்கீங்கம்மா" என்றார் டாக்டர். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கோவிச்சுக்காத ஆத்தா, புத்தி கெட்டுப் பேசிட்டேன்" என்றார். என்னத்தைச் சொல்ல? சரிக்கா, சரிக்கா என்றேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் சம்மதம் கேட்டுப் பதிவு செய்கிற ஒரு அம்மா, என் கணவரையும் என்னையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். முதலில் என் கணவர் உள்ளே போனார். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நான் போனேன். கதவைச் சாத்திவிட்டு அந்த அம்மா கேட்டார்.

"உங்க சம்மதமும் இல்லாம இதைச் செய்ய மாட்டோம். உங்களுக்கு இதுல முழுச் சம்மதமா? வேண்டாம்னு தோணுச்சுன்னா தைரியமாச் சொல்லுங்க. நாங்க வீட்டுல மத்தவங்ககிட்ட, உடம்பு ஒத்துவரலைன்னு மட்டும்தான் சொல்லுவோம். நீங்க சொன்னது யாருக்கும் தெரியாது."

என் கணவர் எண்ணெய் எண்ணெயாக விழுங்கித் தேடிய வழி இதுதான். இங்கே நாற்காலியில் உட்காரவைத்து, கையில் கொடுக்கிறார்கள்.

"அவுக என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"அதை நான் சொல்லக்கூடாதும்மா."

வேண்டாம் என்ற சொல் தொண்டைவரை வந்தது. அவர் வழித்துத் தின்ற கிண்ணங்களை நினைத்தேன். அவ்வளவு பயந்த மனுசன் பயத்தை முழுங்கிவிட்டுத் தின்றிருக்கிறார். நான் இங்கே உட்கார்ந்து அதை ஒன்றுமில்லாமல் ஆக்குவதா? "சம்மதம்" என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

இதற்கு மேல் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் தம்பி இருவரும் இன்று எழுந்து நடமாடுகிறார்கள், அதனால்தான் இப்போது வாய் வருகிறது.

வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"மொதல்ல நீங்க என்ன சொன்னீக?"

"சரின்னேன்."

"நானும் சரின்னுதான் சொன்னேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ வேண்டாம்னு சொல்லிருவேன்னு நம்பித்தான் பிள்ள நான் சரின்னேன்."

"அடப் பாவி மனுசா" என்றேன். "நீங்க முழு மனசாத் தின்னீகன்னு நம்பித்தானே நான் சரின்னேன்!"

அந்த அம்மாவின் அறை எங்களுக்கு நேர் எதிரே இருந்தது. கடைசி நிமிசம் வரைக்கும் மாற்றிச் சொல்லலாம் என்று எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். என் கணவர் அந்தக் கதவையே பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த நேரத்தில் வராந்தாவின் கோடியில் பெரிய மச்சானைச் சக்கர நாற்காலியில் வைத்து அக்கா தள்ளிக்கொண்டு வந்தார். நாற்காலி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அக்கா முழங்காலால் முட்டி அதை நேராக்கப் பார்த்தார்.

என் கணவர் எழுந்தார். கதவுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் கதவைத் தாண்டி நேராக நடந்துபோய், "விடுங்க மதினி, நான் தள்றேன்" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

நான் எழுந்து அந்தக் கதவு வரைக்கும் போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். உள்ளே அந்த அம்மா போனில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. கையை எடுத்துவிட்டு அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.