டீசலில் துடைத்த கால்

காசிமேட்டில் விசைப்படகு என்ஜின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. சாமான் வாங்க யானைக்கவுனிக்குப் போவேன். அங்கே திருநெல்வேலிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், வீடு எங்கே என்று ஒருநாள் கேட்டார். திருவொற்றியூரில் கடலுக்கு எதிரே என்றேன். அன்றிலிருந்து, கொடுத்து வைத்தவர் நீங்கள், சாயந்திரமானால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பீச்சில் காலாற நடக்கலாம் என்று சொல்லாமல் என்னை அனுப்புவதில்லை. நல்ல மனிதர், போகும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் முதலில் தெரிவது கடல் இல்லை. துறைமுகத்தில் சரக்கை இறக்க நாள்கணக்கில் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. அதற்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குக் கொட்டி வைத்த பாறாங்கற்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். நான் பிறந்த தெரு இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. மிச்சத் தெருக்களைக் காப்பாற்றத்தான் கல் கொட்டினார்கள், காப்பாற்றவும் செய்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு நிற்க ஒரு முழம் மணலாவது வேண்டுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எலியும் உடைந்த பாட்டிலும் இருக்கும் கல் இடுக்கைக் காட்டி, இதுதான் உங்கள் கடற்கரை என்று போய்விட்டார்கள்.

என் மகள் பதினோராம் மாதத்தில் நடக்க ஆரம்பித்தாள். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நடை பழகிய குழந்தையை முதலில் கடலுக்குத்தான் கொண்டு போவார்கள். ஈர மணலில் நிற்க வைத்து, நாலு எட்டு நடக்க விட்டுத் தூக்கிக்கொள்வார்கள். அலை வந்து அந்தக் கால்தடத்தை அழித்துவிட்டால், கடலுக்குப் பிள்ளையை அடையாளம் தெரிந்துவிட்டது என்று பேச்சு. என்னையும் அப்படித்தான் நடக்க விட்டார்களாம். இவளையும் அப்படி நடக்க விட வேண்டும், அதுவும் எங்கள் கடலில், என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

என் மனைவிக்கு மாத்தூர். பக்கத்து மணலி ஆலைகளின் புகையை மூக்கில் வாங்கி வளர்ந்தவள். மூக்கு எரியும் ஊரிலிருந்து கண் எரியும் ஊருக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று என்னைச் சீண்டுவாள். நான் விஷயத்தைச் சொன்னதும், "உனுக்கு இன்னா, மண்ட கொயம்பிப் போச்சா? அங்க மண்ணு எங்க கீது? கொயந்த கால எதுல வெப்ப?" என்று கேட்டாள். மெரினாவுக்குப் போகலாம், இல்லையென்றால் பெசன்ட் நகருக்குப் போகலாம், சுத்தமாக இருக்கும் என்றாள். முடியாது என்றேன். வாசலில் கடலை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய்ப் பிள்ளைக்குக் கடல் காட்டுவதா? எனக்கு அது மானப் பிரச்சினை. இரண்டு மாதம் இதே சண்டை நடந்தது.

அப்புறம் ஒருநாள் பட்டறையில் கூட வேலை செய்பவன், "மாமு, தூண்டில் வளைவாண்ட மண்ணு சேந்துகீது, போய்ப் பாரு" என்றான். தூண்டில் வளைவு என்பது கடலுக்குள் வளைந்து நீளும் கல் சுவர். போய்ப் பார்த்தேன். இரண்டு சுவர்களுக்கு நடுவே, இரண்டு படகை இழுத்துப் போடுகிற அளவுக்கு, நிஜ மணல். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அதில் நின்றேன். சொன்னால் சிரிப்பீர்கள், கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கொஞ்சம் இறங்கி வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். குழந்தைமேல் ஒரு பொட்டுக் கறுப்பு ஒட்டினாலும் இனிமேல் கடல் என்று நான் வாயைத் திறக்கக் கூடாது, பிள்ளையை அந்தப் பக்கமே தூக்கிப் போகக் கூடாது. சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் கவுன் போட்டு, வெள்ளை சாக்ஸும், நடந்தால் கீச் கீச் என்று கத்துகிற புது ஷூவும் மாட்டி என்னிடம் கொடுத்தாள். அவளுக்குச் சமையல் வேலை இருந்ததால் கூட வரவில்லை.

ஸ்கூட்டரில் லாரிகளுக்கு நடுவே புகுந்து, அதைக் கல்லோரம் நிறுத்திவிட்டு, கல்மேல் ஏறி இறங்கி, மகளை மணலுக்குக் கொண்டு சேர்த்தேன். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி இறக்கி விட்டேன். முதலில் விரல்களைச் சுருக்கிக்கொண்டாள். பிறகு கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தாள். நுரை வந்து காலைத் தொட்டதும் திரும்பி என்னைப் பார்த்தாள். அலை திரும்பிப் போனபோது தடம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டாயா, இவள்தான் என் மகள் என்று கடலிடம் சத்தமாகவே சொன்னேன். அந்த ஒரு நிமிஷத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

அடுத்த எட்டில் தொப்பென்று உட்காரப் போனாள். தூக்கினால் இரண்டு உள்ளங்காலும் கறுப்பு. மேலே ஒரு விரல் கனத்துக்கு மணல், அடியில் தார் மாதிரி எண்ணெய்க் கசடு. அலை கொண்டு வந்ததை மணல் மூடி வைத்திருந்திருக்கிறது. விரல் இடுக்கெல்லாம் பிசுபிசுவென்று அப்பியிருந்தது. நல்லவேளை, கவுனில் படவில்லை.

அது கப்பல் விட்டதா, குழாய் கசிந்ததா, எவனாவது வாய்க்காலில் திறந்து விட்டதா, எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் யாருக்குமே தெரியாது. கேட்டால் நாங்கள் இல்லை என்று ஆளுக்கு ஆள் கையை விரிப்பார்கள். வலையில் ஒட்டினாலும் அந்தப் பதில்தான், மீன் நாறினாலும் அந்தப் பதில்தான். கழுவிக் கழுவி ஓய்வது மட்டும் நாங்கள். வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக் கடலைப் பார்த்துக் கத்தினேன். நான் விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்து மகள் கை தட்டினாள்.

பிறகுதான் அந்த நிபந்தனை ஞாபகம் வந்தது. எங்கள் ஆட்கள் தார் ஒட்டினால் என்ன செய்வார்கள்? டீசல் தொட்டுத் துடைப்பார்கள். படகுக்காரனும் அப்படித்தான், மெக்கானிக்கும் அப்படித்தான். இருபது வருஷமாக நான் தினமும் டீசலில்தான் கை கழுவுகிறேன். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் டீசலும், பட்டறையில் துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட்டும் எப்போதும் இருக்கும். மகளைச் சீட்டில் உட்கார வைத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். என்ஜினுக்குள் இருக்கும் சின்னச் சாமானைத் துடைக்கிற கவனத்தோடு துடைத்தேன். கால் பளிச்சென்று ஆனது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை இரண்டு மடக்கு ஊற்றி, சரியாகக்கூடத் துவட்டாமல், சாக்ஸையும் ஷூவையும் மாட்டிவிட்டேன். ஜெயித்துவிட்ட நினைப்பு எனக்கு.

வீட்டில் மனைவி கவுனைத் திருப்பிப் பார்த்தாள், கைகளை விரித்துப் பார்த்தாள், பரவாயில்லையே என்று சிரித்தாள். டீசல் வாடை அவளுக்குச் சந்தேகம் தரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்மேல் அந்த வாடைதான். ஷூவைக் கழற்றப் போனவளை, அந்தக் கீச் சத்தம் பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தடுத்தது நான். குழந்தை அப்படியே தூங்கிப்போனாள்.

மத்தியானம் வீறிட்டுக்கொண்டு எழுந்தாள். இறக்கிவிட்டால் காலை ஊன்றவில்லை. மனைவி ஷூவைக் கழற்றிச் சாக்ஸை உருவியபோது, உள்ளங்காலின் தோல் சாக்ஸோடு கொஞ்சம் வந்துவிட்டது. விரல்களுக்கு நடுவே கொப்புளம் கொப்புளமாக இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் அம்மா என்ன தடவினீர்கள் என்று கேட்டார். டீசல் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் அந்தக் கறுப்பு வழுக்கிக்கொண்டு வந்திருக்கும், டீசலை ஈரத்தோடு ஷூவுக்குள் அடைத்ததுதான் தோலை வேக வைத்துவிட்டது என்றார். அதுவரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். அப்புறம், அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் குழந்தையை ஏன் கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார்.

அங்கேதான் நான் வெடித்தேன். அந்த மாதிரி இடம் என்றால் எந்த இடம்? அது என் வீட்டு வாசல். அழுக்கைக் கொண்டுவந்து கொட்டுகிறவனை ஏன் கொட்டுகிறாய் என்று கேட்க ஆள் இல்லை, நடக்கப் போனவனை ஏன் போனாய் என்று கேட்க மட்டும் எல்லாருக்கும் வாய் இருக்கிறது. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். டாக்டர் அம்மா மகளின் காலில் மருந்து வைத்துக் கட்டினார்.

வெளியே ஆட்டோவுக்கு நிற்கும்போதும் நான் ஓயவில்லை. இவனுங்களை விடக்கூடாது, யார்மேலாவது கேஸ் போட வேண்டும் என்று என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன். கட்டுப் போட்ட கால்களை மடியில் ஏந்திக்கொண்டு மனைவி கொஞ்ச நேரம் கேட்டாள்.

பிறகு, "தாரு நீ வெச்சதில்ல," என்றாள். "டீசலு நீ வெச்சது. ஷூவும் நீதான் மாட்ன."

என் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அவள் என்னை விடவில்லை. அதற்காக அவள்மேலும் கோபம் வந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. ஆறிய பிறகும் பத்து நாள் தவழ்ந்தாள், அப்புறம்தான் மறுபடி நடந்தாள். ஒரு மாலையில், வா போகலாம் என்று நானே பெசன்ட் நகருக்குக் கூட்டிப்போனேன். அங்கே மணலைக் கூட்டிச் சுத்தம் செய்ய வண்டியே விட்டிருக்கிறார்கள். பலூன், குதிரை, சுட்ட சோளம், காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள். அதே கடல்தான். எங்கள் கல்லில் மோதுகிற அதே தண்ணீர். இவர்களுக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்று வயிறு எரிந்தது.

மகளை இறக்கி விட்டோம். ஒரு எட்டு வைத்தாள். உடனே உட்கார்ந்து, காலைத் தூக்கி, உள்ளங்காலை எனக்கு நேரே நீட்டினாள். அழவில்லை, அசையவும் இல்லை. மணலில் கால் வைத்தால் அடுத்தது அப்பா துடைப்பார் என்று பிள்ளை படித்து வைத்திருக்கிறாள். ஒன்றும் இல்லைடா நைனா, சுத்தமா கீது, நட என்றேன். காலை இறக்கவே இல்லை. சட்டை நுனியால் துடைத்த பிறகு எழுந்து இன்னொரு எட்டு வைத்தாள். உட்கார்ந்து அடுத்த காலை நீட்டினாள்.

பக்கத்தில் இருந்த காலேஜ் பிள்ளைகள், சோ ஸ்வீட் என்று சிரித்தார்கள். மனைவி முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டாள். சுத்தமான மணலில் உட்கார்ந்து, கறுப்பே ஒட்டாத காலை, அலை வரைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் நான் துடைத்துக்கொண்டே போனேன்.