கட்டாயமா என்று கேட்டார்கள்

ஹோட்டல் சமையலறையில் என் முக்காட்டைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அங்கே தலைமுடியை மூடாதவர்களுக்குத்தான் ஏச்சு விழும். பெரிய சமையல்காரருக்கு வெள்ளைத் தொப்பி, மரக்கறி வெட்டுபவருக்குத் துணித் தொப்பி, கோப்பை கழுவும் எனக்குக் கழுத்துவரை இறுக்கிக் கட்டிய கறுப்பு ஸ்காஃப். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் என்னைத்தான் முன்னுக்கு நிறுத்த வேண்டும் என்று பெரிய சமையல்காரர் பகிடி விடுவார். சுவிஸில் லுசேர்ண் ஏரிக்கரையில் இருந்த அந்த ஹோட்டலில் பல வருடங்கள் இப்படியே போயின.

அந்த வேலையை எடுத்துத் தந்தவர் அக்கா. கூடப்பிறந்தவர் அல்ல. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், என்னைவிடச் சில வயது மூத்தவர், அதே ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் மேசை பார்ப்பவர். ஒருநாள் பஸ்ஸில் நான் என் மகளைத் தமிழில் ஏசுவதைக் கேட்டுவிட்டு முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"பிள்ளை யாழ்ப்பாணமோ?"

நான் ஓம் என்றேன். என் தலையைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப சோனகத் தெரு, முஸ்லிம் ஆக்கள்ர பக்கம். எங்கட வீடு அங்கயிருந்து கூப்பிடு தூரம்."

அடுத்த கிழமையே என்னை ஷெஃபினிடம் கூட்டிக்கொண்டு போனார். ஷெஃபின் என்றால் எங்கள் முகாமையாளர் அம்மா. "இவர் எங்கள் ஊர்ப் பிள்ளை, நான் பொறுப்பு" என்று ஜெர்மனில் சொல்லி என் தோளில் கை வைத்தார்.

எங்கள் ஊர். அந்தச் சொல்லுக்கு நான் எவ்வளவு காய்ந்துபோய்க் கிடந்தேன் என்று அவருக்குத் தெரியாது. என் சின்ன வயதில் முஸ்லிம்களான எங்களை ஒட்டுமொத்தமாக அந்த ஊரைவிட்டுப் போகச் சொன்ன இயக்கக்காரர்களும் தமிழில்தான் சொன்னார்கள். வாப்பா கடையைப் பூட்டினார், உம்மா அடுப்பிலிருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு வந்தார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, கல்யாணம் முடித்து, இந்தக் குளிருக்குள் வந்து சேர்ந்த பிறகு ஒரு யாழ்ப்பாணத்து மனுசி என்னை எங்கள் பிள்ளை என்கிறார். நான் கரைந்துபோனேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வீட்டுக்குப் புரியாணி போகும். பெருநாள் வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால், அன்று அவர் மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டார் என்று மரக்கறிப் புரியாணி தனியாக ஒரு சட்டியில் ஏறும்.

சென்ற வருடம் மண்டபத்தில் ஒரு இடம் காலியானது. காலை வேலை, மத்தியானத்துக்கு முன் முடிந்துவிடும். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார்கள். என் மகளும் வருவாள், தானே கதவைத் திறந்து, நான் வைத்துவிட்டுப் போனதைச் சூடாக்கி, தனியே இருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். அவள் கதவைத் திறக்கும்போது நான் வீட்டில் நிற்க வேண்டும். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது அதற்காகத்தான். கேட்கச் சொல்லி என்னைத் தள்ளிவிட்டதும் அக்காதான்.

ஷெஃபின் முடியாது என்று சொல்லவில்லை. என் ஸ்காஃபை ஒருமுறை பார்த்து, யோசித்துச் சொல்கிறேன் என்றார். எனக்கு நம்பிக்கை இருந்தது. கோடை வந்தால் எங்கள் மண்டபத்தில் பாதி மேசைகளில் வளைகுடா நாட்டுப் பெண்கள் கறுப்பு அங்கியும் முக்காடுமாக இருந்து முட்டைப்பொரியல் சாப்பிடுவார்கள். அவர்களுக்குக் குனிந்து கதிரை இழுத்துக் கொடுக்கும் ஹோட்டலுக்கு என் ஒரு முழத் துணியா பாரம் என்று நினைத்தேன்.

ஒரு கிழமை கழித்து ஷெஃபின் கூப்பிட்டார். கோப்பியும் தந்தார். நல்ல மனுசி, அதில் சந்தேகமில்லை.

"மதத்தில் இது கட்டாயம் என்றால் மேலிடத்தில் பேசி உங்களுக்கு அனுமதி எடுத்துத் தருவதாகத்தான் இருந்தேன்" என்றார். "எனக்கு இதெல்லாம் தெரியாது. அதனால் உங்கள் சிநேகிதியிடம் கேட்டேன். உங்கள் ஊரில் இது கட்டாயமில்லையாம். உங்கள் அம்மாவே கட்டியதில்லையாம், உங்கள் வீட்டில் அவருடைய படத்தைப் பார்த்தாராம். அப்படியென்றால் இது உங்கள் விருப்பம்தானே? வேலை நேரத்தில் மட்டும் கழற்றி வைக்கலாமே."

எங்கள் வீட்டுச் சுவரில் உம்மாவின் படம் இருக்கிறது. முந்தானை தலையிலிருந்து தோளுக்கு நழுவிய நேரத்தில் ஸ்டூடியோக்காரன் எடுத்துவிட்ட படம். வடிவான உம்மா என்று அக்கா அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். கட்டாயம்தான் என்று ஷெஃபினிடம் சொன்னேன். அவர் அன்பாகச் சிரித்தார். நீங்கள் அப்படித்தானே சொல்வீர்கள் என்ற சிரிப்பு.

உடை மாற்றும் அறையில் அக்கா கண்ணாடிக்கு முன் நின்றார். வேலைக்கு வந்ததும் தாலிக்கொடியைச் சட்டைக்குள் தள்ளுவார், ஒட்டுப்பொட்டைக் கழற்றி அலுமாரிக் கதவில் ஒட்டி வைப்பார்.

"ஷெஃபினிட்ட என்னக்கா சொன்னனீங்கள்?"

"கேட்டவ, சொன்னனான். உள்ளதைத்தானே சொன்னன்."

"எங்கட உம்மா ஊரில முக்காடு இல்லாமல் வாசல் படலை தாண்டினதை நீங்கள் எப்பவாவது கண்டனீங்களோ?"

"அது சீலை முந்தானை. இது அரபுக்காரற்ற மாதிரி." என் பக்கம் திரும்பவில்லை. "உன்ர நல்லதுக்குத்தான் சொன்னனான். கட்டாயமில்லையெண்டா நீயும் கழட்டிப்போட்டு வருவாய், வேலையும் கிடைக்கும் எண்டு நினைச்சன். நான் பொட்டைக் கழட்டிப்போட்டுத்தானே உள்ளுக்குப் போறன், செத்தா போனன்?"

"உங்களை ஆரும் கழட்டச் சொன்னவையோ?"

ஒருவரும் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்ச பார். ஒரு காலம் இந்தச் சுவிஸ்காரங்கள் தமிழர் எங்களையும் இப்பிடித்தான் பேசினவங்கள். கள்ளர், காவாலியள் எண்டவங்கள். இப்பதான் தமிழர் எண்டா ஒரு நல்ல பேர். நீ இந்தக் கோலத்தில மண்டபத்தில நிண்டா எங்களையும் சேர்த்தெல்லோ பாப்பாங்கள்?"

அதுதான் உண்மைக் காரணம். அதை மட்டும் முதலே சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. என்னைத் தன்னோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது என்பதற்காக என் உம்மாவைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார், அதையும் என் நல்லதுக்கு என்கிறார். ஷெஃபின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்நியர், கேட்டார். பதில் சொன்னவர் என் கையால் சாப்பிட்டவர்.

நான் கழற்றவில்லை. மண்டபத்து இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. என் மகள் இன்னும் தனியேதான் சாப்பிடுகிறாள். பெருநாள் வந்தது, நான் புரியாணி அனுப்பவில்லை. அக்கா எதுவும் நடக்காதது போல வழியில் கண்டால் சிரிப்பார். நான் முகம் கொடுப்பதில்லை.

இந்தக் கோடையில் ஒருநாள் ஷெஃபின் சமையலறைக்குள் என்னைத் தேடி வந்தார். அக்கா தங்கள் கோயில் தேருக்கு லீவு கேட்டிருக்கிறாராம். சனிக்கிழமை, மண்டபம் நிரம்பி வழிகிற நாள், ஆள் போதாது.

"நீங்கள் ஒரே ஊர்தானே, உங்களுக்குத் தெரியும்" என்றார். "அவர் போயே ஆக வேண்டுமா? கட்டாயமா?"

எனக்குத் தெரியும். மழை பெய்தது என்று அக்கா தேருக்குப் போகாமல் விட்ட வருடமும் உண்டு, போன வருடங்களில் புதுச் சீலையைக் காட்டிவிட்டுக் கதைத்துவிட்டு வந்ததும் உண்டு. எல்லாம் அவரே சொன்னதுதான். உள்ளதைச் சொல்ல எனக்கும் வாய் இருந்தது.

"ஆம், கட்டாயம்" என்றேன்.

ஷெஃபின் உடனே நம்பினார், நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் தட்டுகளை மெஷினுக்குள் தள்ளினேன். நல்லது செய்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை, ஆத்திரம்தான் வந்தது. எவ்வளவு லேசான சொல் அது. அதைத்தான் அக்கா எனக்காகச் சொல்லவில்லை.