கைச்சூட்டில் ஒரு குழாய்

மருத்துவமனையின் ஸ்வாப் என்னும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கும் அறையில் பதினெட்டு வருடமாக இருப்பவரை எல்லோரும் 'ஸ்வாப் அக்கா' என்பார்கள். மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் அம்மாவின் வேலையை என்னவென்று எழுதுவது என்று பேச்சு வந்தபோது, "பொதுவா ஆஸ்பத்திரி வேலைன்னு போட்டுடு" என்றார் கணவர். அக்கா பேனாவை வாங்கி, 'பெண்களின் பிறப்புறுப்பு மாதிரி எடுப்பவர்' என்று முழுசாக எழுதினார். மூக்குச் சளியை ஒளிக்காதவர்கள் இதை மட்டும் எதற்கு ஒளிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அன்று காலை முதலில் வந்தவள் தையற்கடையில் பட்டன் தைப்பவள். ஐந்து மாதமாக வெள்ளைப்படுதல், அரிப்பு. மூன்று முறை சோதித்தும் கிருமி இல்லை என்றே வந்திருந்தது.

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"மாமியார் மனப்பிரமைங்கறாங்க. அவரு, சுத்தமா இருங்கறாரு. நான் என்ன சாக்கடையிலயா குளிக்கிறேன்?" திரைக்குப் பின்னால் படுத்தபடியே சொன்னாள். "இன்னிக்கும் ஒண்ணுமில்லைன்னா இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்க்கா."

அக்கா பதிவேட்டைப் புரட்டினார். மூன்று முறையும் மாதிரி எடுத்தது ஒன்பது மணிக்கு. பரிசோதனைக்கூடத்தில் பார்த்தது பன்னிரண்டுக்கு மேல். மாதிரிக் குழாய்கள் அடுக்கும் தட்டு நிறைந்தால்தான் பின்கட்டிடத்தில் இருக்கும் கூடத்துக்குப் போகும். இப்படி அரிப்பைத் தரும், உடலுறவில் தொற்றும் வாலுள்ள ஒரு கிருமியை மட்டும் அது நீந்துவதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள். நேரமானாலோ, குளிர்ந்தாலோ அசைவு நின்றுவிடும். தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தத் தட்டு நிறையட்டும் என்று குழாய்களை வைத்திருந்தது தானேதான் என்பது இப்போதுதான் சுருக்கென்று தைத்தது.

மாதிரி எடுத்த பஞ்சுக்குச்சியை உப்புநீர்க் குழாயில் போட்டு மூடினார். பெயர்ச்சீட்டை ஒட்டினார். புதுக் கையுறை மாட்டி, குழாயைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஓடினார். ஐம்பதை நெருங்கும் முழங்கால் மாடிப்படியில் ஏக வசனத்தில் திட்டியது.

"தட்டு வரட்டும்மா, மொத்தமா பாத்துடலாம்" என்றார் மைக்ராஸ்கோப் முன்னால் இருந்தவர்.

"அதுக்குள்ள அது செத்துடும் சார்."

"எது?"

"மூணு தடவை இல்லைன்னு எழுதினீங்களே, அது."

முறைத்துக்கொண்டே ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார்.

"அடேயப்பா, நீச்சல் போட்டியே நடக்குது. இனிமே இந்த மாதிரிக் கேஸை நேரா கொண்டாந்துடுங்க" என்றார்.

அறைக்குத் திரும்பிய அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"இருக்கு. கண்ணால பாத்துட்டு வந்தேன்."

"அப்ப மனப்பிரமை இல்லையா?"

"மனப்பிரமைக்கு வால் இருக்குமா? டாக்டர் மாத்திரை எழுதுவாரு, குணமாயிடும். ஆனா ரெண்டு பேரும் சாப்பிடணும். அவரு சாப்பிடலைன்னா உனக்குத் திரும்ப வரும்."

அவள் முகம் சுருங்கியது. "யாரால வந்துச்சுன்னு சண்டை வருமேக்கா."

"இது சத்தமில்லாம மாசக்கணக்குல, ஏன் வருசக்கணக்குலகூடக் கெடக்கும். எப்ப வந்துச்சுன்னு டாக்டராலயே சொல்ல முடியாது. மாத்திரை முதல்ல, சண்டைய அப்புறம் பாத்துக்கலாம்."

கொஞ்ச நேரம் செல்போனை உருட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கணவனை அழைத்தாள்.

"நாளைக்கு அரைநாள் லீவு சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்கு வரணும். எனக்கு மட்டும் இல்ல, நமக்கு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சரி, எத்தனை மணிக்கு?" என்ற குரல் அக்கா காதிலும் விழுந்தது.

"ஒன்பதுக்குன்னு சொல்லு" என்று அக்கா கணவனுக்கும் சேர்த்து நாளைய சீட்டை எடுத்தார்.