பெரிய வீட்டுப் பழக்கம்

பாலக்கரையில் எங்கள் பக்கத்துப் போர்ஷனில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் தனியாகக் குடியிருந்தார். வெளியே போகாத நாளிலும் இஸ்திரி போட்ட பருத்திப் புடவைதான் கட்டுவார். பீங்கான் கோப்பைகளை விருந்தாளிக்கென்று எடுத்து வைக்காமல், தினமும் அவற்றில்தான் காபி குடிப்பார்.

ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, மகனுக்கு வீடு வேண்டும், உடனே காலி செய் என்று தெருவே வேடிக்கை பார்க்கும்படி கத்தினார். அக்கா நாற்காலியை எடுத்துப் போட்டார்.

"வெயில்ல வந்திருக்கீங்க, உட்காருங்க. காபி சாப்பிட்டுட்டே பேசலாம்."

வீட்டுக்காரரின் குரல் தானாக இறங்கியது. ஒரு மாதம் அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார்.

"உங்களுக்குக் கோபமே வரலையாக்கா?" என்று கேட்டேன்.

"வராம இருக்குமா? கன்டோன்மென்ட்ல ஒரு பெரிய வீட்டுல ரொம்ப வருஷம் வேலை பார்த்தேன். அந்த வீட்டம்மா யார்கிட்டயும் குரல் உசத்த மாட்டாங்க. அவங்க பங்களா நமக்கு வருமா? பழக்கத்தை எடுத்துக்கறதை யார் தடுக்கப் போறாங்க?"

சொன்ன நாளில் காலி செய்தார். போகும்முன் வீடு முழுக்கக் கழுவிவிட்டு, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்து நன்றி சொன்னார். அவர்தான் தலைகுனிந்து நின்றார்.

அதன்பிறகு வேலை விஷயமாகப் பல பெரிய வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அந்த அக்காவைப் போல ஒருவரை அங்கே இன்னும் பார்க்கவில்லை.