விசிட்டரா, கெஸ்ட்டா?

நூம்பலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் காவலாளியிடம் ஒரு செல்போன் உண்டு. யார் வந்தாலும் அதில் விசிட்டர், கெஸ்ட் என்ற இரண்டில் ஒன்றை அமுக்கினால்தான் எங்களுக்குத் தகவல் வரும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் யோசித்ததே இல்லை. கேட்டவர் என் அப்பா.

"விசிட்டர்னா பாத்துட்டுக் கெளம்பிடுவாங்க பெரியவரே. கெஸ்ட்டுன்னா ராத்திரி தங்குவாங்க."

"அப்ப நான் விசிட்டர்தாம்பா. நல்லா அமுக்கு."

அம்மா போனபிறகு அப்பா கள்ளிக்குப்பத்தில் தனியாக இருக்கிறார். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து ஆட்டுக்கறி கொண்டுவந்து கொடுப்பார். குக்கரில் விசில் அடங்குவதற்குள் கிளம்பிவிடுவார். தண்ணீர்கூடத் தன் பாட்டிலில் இருந்துதான்.

"பொண்ணு குடுத்த ஊட்ல கை நனைக்கக் கூடாதும்மா."

"பத்திரத்துல எம்பேரும்தாம்பா கீது."

"இருந்தா இன்னா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். என் வீட்டுக்காரரும் கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டார். தனியாகக் கிடந்து அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு.

போன மாதம் அப்படியே ஆனது. இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தவர் வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா போன் செய்துதான் எனக்குத் தெரியும். ஓடிப்போய்ப் பார்த்தால் தலைமாட்டில் காய்ந்துபோன பன் ஒன்று. கத்து கத்தென்று கத்தினேன். "நாளைக்கு ஒண்ணுன்னாலும் ஊரான் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றவள் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். காய்ச்சல் விட்டபிறகு எங்களோடு வந்து தங்கக் கூப்பிட்டும் அப்பா வரவில்லை.

அடுத்த ஞாயிறு என் போனில் 'கெஸ்ட்' என்று வந்தது. காவலாளி மாற்றி அமுக்கிவிட்டார் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். அப்பாவின் ஒரு கையில் கறி, இன்னொரு கையில் துணிப்பை. பைக்குள்ளிருந்து கைலி எட்டிப் பார்த்தது.

"நாந்தான் அப்டி அமுக்கச் சொன்னேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "சீக்கிரம் குக்கர வை. பசிக்குது."

பெற்ற அப்பா என் வீட்டில் கெஸ்ட்டா என்று சுருக்கென்றது. வாயைத் திறந்தால் பையோடு திரும்பிவிடுவார் என்று பேசாமல் அடுப்படிக்குப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.